பழைய சென்சார்

போன மாதம் காந்திபுரம் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் காரின் வேக முள் செத்து விழுந்தது. நாற்பதில் இருந்தது. பாலத்தின் இணைப்பில் சக்கரம் ‘தடக்’ என்றதும் பூஜ்யம். சற்று நேரத்தில் தானாகவே எழுந்துகொண்டது. கூடவே மஞ்சளாக இன்ஜின் விளக்கு. கீழே இறங்கி சிக்னலில் நிற்கப் போனால் இன்ஜின் திணறி அணைந்துவிட்டது. பின்னால் வந்த டவுன் பஸ் அடித்த ஹாரனில் வீட்டுக்காரம்மா மிரண்டுபோய், "ஏங்க, எழுபத்து நாலு வயசுல இது தேவையா? வித்துடுங்க" என்றாள். அவளுடைய முழங்காலுக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குப் போவதே அந்த வண்டியில்தான். ஆட்டோவில் ஏறி இறங்க அவளால் முடியாது.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைச் செருகினார்கள், ‘பி0500’ என்று வந்தது. ஸ்பீடு சென்சார் போய்விட்டது என்று புதியது மாற்றி 3,200 ரூபாய் வாங்கினார்கள். பழையதைக் கேட்டு வாங்கி வந்தேன். முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், பழைய பொருள் கைக்கு வராமல் பில்லில் கையெழுத்துப் போடுவேனா?

நாலாம் நாள் அதே பாலம், அதே ‘தடக்’.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை உண்டு. அந்தத் தம்பி கதையைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், அந்த நம்பர் சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்றதில்லீங்க. வேகம் வந்து சேரலைன்னுதானுங்க சொல்லுது" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்களுக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். ‘அனலீஸ் லொஜிக்’ என்று ஒரு பயிற்சி தருவார்கள். நீண்ட வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று சொல்லவேண்டும். ஊகித்துச் சொன்னால் விரல் முட்டியில் அடி விழும். அந்தத் தம்பி செய்ததும் அதேதான்.

கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சார் ஒரு துடிப்பு அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதை எண்ணி வேகம் கண்டுபிடிக்கிறது. சென்சாருக்கு மூன்று ஒயர்: கரண்ட், எர்த், சிக்னல். முதல் இரண்டையும் மல்டிமீட்டரில் பார்த்தான், சரியாக இருந்தன. பிறகு முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, என்னைக் கையால் சுற்றச் சொன்னான். டாஷ்போர்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் பக்கம் மீட்டர். அதைப் படிக்க ஆள்? வீட்டுக்காரம்மாதான். "சைபர்... அஞ்சு... சைபர்... அஞ்சு..." என்று உள்ளேயிருந்து பாராயணம் போல வந்தது. அதுவரைக்கும் யார்மேலும் குற்றமில்லை. தம்பி கியர்பாக்ஸிலிருந்து ஒயர்க் கட்டை ஒவ்வொரு ஜாணாக அசைத்துக்கொண்டே வந்தான். பேட்டரி தட்டின் ஓரத்துக்கு வந்ததும், "அஞ்சு... அஞ்சுலயே நிக்குதுங்க!" என்று கத்தினாள்.

தகர விளிம்பில் உரசி உரசி ஒயரின் தோல் போயிருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு, தட்டில் படாமல் கட்டினான். முந்நூறு ரூபாய். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்ற ஜி.டி. நாயுடுவின் ஊர் அல்லவா.

"அந்தப் பழசையும் போட்டுப் பாத்தர்லாமுங்க" என்றான். போட்டான். முள் பிசகாமல் எழுந்து நின்றது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1983-இல் என்று நினைக்கிறேன், ஆபீஸில் தபால் தலைக் கணக்கில் 86 ரூபாய் குறைந்தது. புகாரில் டெஸ்பாட்ச் பார்த்தவர் பெயர் இருந்தது. குறிப்பு எழுதியவன் நான். அவருக்கு ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. ஆடிட் வந்தபோதுதான் தெரிந்தது, ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்குத் தப்பாக ஏறியிருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையது. உத்தரவு ரத்தானது, நிறுத்திய பணமும் வந்தது. அதற்கான குறிப்பையும் நானே எழுதினேன். எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டபோதும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் இது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க வீட்டம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். சாயிபாபா காலனியில் மகனோடு இருப்பதாகக் கேள்வி.

வண்டியில் பழைய சென்சார்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம்.