காலந் தாழ்ந்த குரல்

முல்லைத்தீவுக் கடற்கரையில் மாலை வேளைகளில் ஒரு தாய் வந்து நிற்பதுண்டு. கையில் பழைய செல்லிடத் தொலைபேசியொன்று இருக்கும். கடலுக்குப் போகும் மகன் கரை மறையும் வரையில் இரண்டொரு தடவை பேசுவான். அதன்பின் குரல் அற்றுவிடும். ஒருநாள் கரை திரும்பியவன் சொன்னான்: “போனிலை கோடு காட்டுது அம்மா, ஆனால் எடுத்தால் போகுதில்லை.” தாய்க்கு அது விளங்கவில்லை. “அங்காலை இருந்து வாறது உனக்கு எட்டுதெண்டால், நீ சொல்லுறது மட்டும் ஏன் இஞ்சை வருகுதில்லை, தம்பி?” என்று கேட்டாள்.

கேள்வி எளியது. ஆயின், பலர் கூடி வாழும் இடமெங்கும் எழும் பழைய வழக்கொன்று அதனுள் அடங்கியிருக்கின்றது.

வானொலி அலைகள் பொதுச் சொத்து. வழங்கத்தக்க மீடிறன்கள் சில. பேச விழைவோரோ பலர். 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் றிங் என்னும் பொறியியலாளர் இதற்கொரு வழியை எழுதிவைத்தார். நிலப்பரப்பை அறுகோணக் கலங்களாகப் பகுத்தல் வேண்டும். ஒரு கலத்துக்கு அளித்த மீடிறனை அயற்கலத்துக்கு அளியாது, தொலைவிலுள்ள பிறிதொரு கலத்துக்கு மீண்டும் அளித்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். தன் எல்லைக்குள் குரலாக ஒலிப்பது எல்லை கடந்ததும் அயலவனுக்கு இரைச்சலாகின்றது. இதனையே தலையீடு என்பர். எனவேதான், தேவைக்கு மேல் உரத்துப் பேசாதே என்று கோபுரம் தொலைபேசிக்கு இடையறாது கட்டளையிடுகின்றது.

இடத்தைப் பகிர்ந்தது போலவே காலத்தையும் பகிர வேண்டியிருந்தது. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தில் முதல் அழைப்பைக் கண்ட ஜி.எஸ்.எம். முறையில், ஒரே மீடிறனை எண்மர் முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். ஒருவரின் முறை 577 மைக்குரோ செக்கன். அது முடிந்ததும் அடுத்தவர் முறை. வானொலி அலை ஒரு மைக்குரோ செக்கனில் ஏறத்தாழ 300 மீற்றர் தூரமே செல்லும். ஆதலால் தொலைவிலிருப்பவனின் குரல் பிந்தி வந்து, அடுத்தவனின் முறையில் விழுந்து, அவனது பேச்சையும் குலைத்துவிடும். இதனைத் தவிர்க்கக் கோபுரம் ஒவ்வொரு தொலைபேசியின் தாமதத்தையும் அளந்து, “நீ இவ்வளவு முந்திப் பேசு” என்று பணிக்கின்றது. அதற்கு 0 முதல் 63 வரை படிகள் உள. ஒரு படி ஏறத்தாழ 550 மீற்றர் தூரத்துக்கு ஈடானது. அறுபத்து மூன்று படிகளும் முடியுமிடம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர்.

இம்முறையில் ஒரு பண்பாடும் உண்டு. வழமையான பேச்சின் முடிவில் விடப்படும் இடைவெளி ஏறத்தாழ 30 மைக்குரோ செக்கன் மட்டுமே. ஆயின் முதன்முதலாக அழைப்பவன் எவ்வளவு தொலைவில் நிற்கின்றான் என்பதைக் கோபுரம் அறியாது. ஆதலின் அவனது முதற் சமிக்ஞை மிகக் குறுகியதாகவும், அதன் பின்னான இடைவெளி ஏறத்தாழ 252 மைக்குரோ செக்கனாகவும் வகுக்கப்பட்டுள்ளன. புதியவனுக்குக் காட்டும் பொறுமை அது. அயற்கலங்களின் கடிகாரங்களும் பொதுவாக ஒத்துப்போவதில்லை. ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்குப் பெயர்பவன் முதலில் அங்குள்ள நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே வாய் திறக்கலாம்.

எனினும் பொறுமைக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கின்றது. மகனின் படகு அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. கடல் வெளியில் மறிப்பதற்கு மலையோ மரமோ இல்லை. எனவே அலை எட்டுகின்றது. கோபுரத்தின் குரலை எப்போது கேட்டாலும் தொலைபேசி தன் நேரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். ஆனால் கோபுரம் எவருக்காகவும் தன் நேரத்தை மாற்றுவதில்லை. அவன் குரல் வலுவிழந்து மறையவில்லை. காலந் தாழ்ந்தமையால் தள்ளப்பட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அடுத்தடுத்த இரண்டு முறைகளை ஒருவனுக்கே வழங்கினால், ஏறத்தாழ 120 கிலோமீற்றர் வரை கேட்கலாம். ஆனால் எண்மர் பேசிய இடத்தில் நால்வரே பேச முடியும். பின்வந்த தலைமுறை வலையமைப்புகளில் எல்லை அகன்றுள்ளது உண்மையே. ஆயினும் தொலைவிலிருப்பவனுக்காகக் காத்திருக்கும் நேரம் யாரோ ஒருவரின் பங்கிலிருந்துதான் வரவேண்டும். கரையிலுள்ள எண்மரின் உரையாடலா, கடலிலுள்ள ஒருவனின் அழைப்பா என்ற வினாவுக்குக் கணிதம் விடை தராது. அருகிலிருப்போரை மட்டும் எண்ணி வகுத்த ஒழுங்கு, எவருக்கும் தீங்கு நினையாமலே சிலரை வாயற்றவராக்கிவிடும் என்பதை மட்டும் அது காட்டித் தருகின்றது.

மகன் இவற்றையெல்லாம் தாய்க்கு விளக்கவில்லை. அவன் அறிந்திருக்கவும் இல்லை. அவர்கள் இருவரும் தமக்குள் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். திரும்பும் வழியில் எவ்விடத்தில் அழைப்பு எடுபடுகின்றதோ அவ்விடத்திலிருந்து அவன் ஒரு தடவை மணியடிப்பான். அவள் எடுக்க மாட்டாள். மணி ஒலித்ததும் எழுந்து சென்று அடுப்பை மூட்டுவாள்.