மேய்ச்சல் தரையில் தொடங்கும் தயிர்

மட்டக்களப்பில் விருந்தென்றால் கடைசிப் பிடி சோறு தயிருக்கு. சட்டியிலிருந்து எருமைத் தயிரைக் கரண்டியால் வெட்டியெடுத்துச் சோற்றில் வைத்து, வாழைப்பழத்தைப் பிசைந்து, சீனியோ பாணியோ சேர்த்து உண்பார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறுகிறவர்களின் கையில், கடதாசியால் வாய் கட்டிய மண்சட்டி தொங்கும். அந்தச் சட்டி நிறைவது எப்படி என்று பார்ப்பதற்காகச் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் கரடியனாற்றுப் பக்கம் போயிருந்தேன். தயிர் குடலுக்கு நல்லது என்று இன்று எல்லோரும் பேசுகிறோம். அந்த நல்லதை நாள்தோறும் உண்டாக்குகிறவர்களின் உழைப்பையும், அவர்கள் காலூன்றி நிற்கும் நிலத்தையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பதே என் எண்ணம்.

வீதியை விட்டு இறங்கி, அறுவடை முடிந்த வயல் வரம்புகளையும் பற்றைக் காட்டையும் கடந்தால் பட்டி. நான் போய்ச் சேர்ந்தபோது இருள் முழுதாக விலகவில்லை. கறவை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கன்று வாய் வைக்காமல் நாட்டெருமை பால் சுரக்காது. ஒவ்வொரு கன்றாக அவிழ்த்துவிடுகிறார்கள். அது முட்டி முட்டிக் குடிக்கிறது. மடி இறங்கியதும் அதை இழுத்துத் தாயின் முகத்தருகே கட்டிவிட்டு, பின்னங்கால்களுக்குக் கயிறு போட்டுக் கறக்கிறார்கள். கறந்து முடிந்தபின் மிச்சம் கன்றுக்கு.

“ரெண்டு போத்தல் தந்தா அதுவே பெரிசு, மனே. கண்டுக்கு விட்டுத்தானே நாம எடுக்கணும்,” என்றார் பட்டிக்காரர். சிறு வயதில் தகப்பனோடு பட்டிக்கு வந்தவர். ஒவ்வோர் எருமைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். பெயரைச் சொன்னால் அது தலையைத் திருப்புகிறது. எந்த எருமை எப்போது சினைப்பட்டது, எது ஈன்று எத்தனை மாதம் என்பதெல்லாம் அவருக்கு மனக்கணக்கு.

பால் குறைவு என்றாலும் அது கனமான பால். பசும்பாலில் கொழுப்பு நான்கு சதவீதம் அளவில் இருக்கும். எருமைப்பாலில் ஏழு, எட்டு வரை போகும். புரதமும் கூடுதல். கரண்டியால் வெட்டினால் விளிம்பு குலையாமல் நிற்கும் தயிர் இந்தப் பாலில்தான் கிடைக்கும். வெயில் ஏறுமுன் பாலைக் கலன்களில் ஊற்றி மோட்டார் சைக்கிளில் கட்டி ஊருக்குள் அனுப்பிவிடுகிறார்கள். கறந்த பால் சூட்டில் நிற்க நிற்கக் கெடும் என்பதால், பாலைக் கொண்டுபோகும் பையனைத் தேநீருக்குக்கூட நிறுத்தமுடியவில்லை.

பால் போய்ச் சேர்ந்த வீட்டில் ஓர் அக்கா அடுப்பை மூட்டி ஆயத்தமாக இருந்தார். பாலை வெள்ளைத் துணியில் வடித்துக் கிடாரத்தில் ஊற்றினார். விறகடுப்பில் அது கொதித்துப் பொங்கிய பிறகும் இறக்கவில்லை. தீயைத் தணித்து, அகப்பையால் துழாவியபடி இன்னும் சற்று நேரம் விட்டார். அவசரப்பட்டு இறக்கினால் தயிர் தண்ணீராக நிற்கும் என்பது அவருடைய அனுபவம். அறிவியலும் அதையே சொல்கிறது. பால் 85 பாகை செல்சியஸைத் தாண்டிச் சில நிமிடங்கள் நின்றால், அதிலுள்ள மோர்ப்புரதங்கள் சுருள் அவிழ்ந்து கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் உறையும்போது அந்தப் பிணைப்புத்தான் நீரைப் பிடித்து வைக்கிறது. பச்சைப்பாலில் இருக்கக்கூடிய நோய்க்கிருமிகளும் இந்தக் கொதியில் அழிகின்றன. ஆகவே கொதிக்க வைப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது.

பிறகு ஆறவிடுதல். அக்கா சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார். விரல் சுடவும் கூடாது, பால் சில்லென்று குளிரவும் கூடாது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் அது 42 பாகை அளவில் இருக்கும். தயிராக்கும் பாக்டீரியாக்கள் மிக வேகமாகப் பெருகும் சூடு அது. வெயிலில் காயவைத்து அடுப்புப் புகையிலும் காட்டி எடுத்த சட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்து, பாலை ஊற்றி, நுரையைத் தட்டி நீக்கினார். முதல்நாள் தயிரிலிருந்து சட்டிக்கு ஒரு தேக்கரண்டி உறை.

“கூடப் போட்டா கெதியா உறையும், ஆனா புளிச்சுத் தண்ணி விட்டுரும். உறை நல்ல தயிரா இருக்கணும், அளவாவும் இருக்கணும்,” என்றார் அக்கா. மூடியபின் விடியும்வரை அந்தச் சட்டிகளை எவரும் அசைக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகள் அந்த அறைப்பக்கம் போவதில்லை.

அந்த அமைதிக்குள் பெரிய வேலை நடக்கிறது. பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. புளிப்பு ஏறி, அமில அளவு பிஎச் 4.6ஐ நெருங்கும்போது கேசீன் ஒன்றையொன்று பற்றி வலைபோல இறுகுகிறது. மண்சட்டி தன் நுண்துளைகளால் கொஞ்சம் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுவதால் தயிர் மேலும் கெட்டிப்படுகிறது, சட்டியும் குளிர்ந்திருக்கிறது. ஆகவே இந்தத் தயிரில் குயவருக்கும் பங்குண்டு. மாரியில் மண் காயாது, சூளை எரியாது. அப்போது சட்டி கிடைப்பதே பாடு.

இனிக் குடலின் கதை. பல்கேரிய மாணவர் ஸ்டாமன் கிரிகோரோவ் 1905இல் ஜெனீவாவில் தம் ஊர்த் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தறிந்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிக்கோவ், தயிர் உண்பதால் ஆயுள் நீளும் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பினார். அவர் நம்பிய அளவுக்கு அந்தப் பாக்டீரியா நம் குடலில் குடியேறித் தங்குவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் கடந்துபோகும்போதே அது வேலை செய்கிறது. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான்: பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியைத் தயிரின் பாக்டீரியாக்கள் தம்முடனேயே கொண்டுவருகின்றன.

2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற நொதித்த உணவுகளைப் பத்து வாரம் நிறையக் கொடுத்தார்கள். அவர்களுடைய குடலில் நுண்ணுயிர்களின் வகை பெருகியது; இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. தங்கிவிடாத உயிர்கள் என்பதால் அவற்றை நாள்தோறும் உண்ணவேண்டும், உயிரோடும் உண்ணவேண்டும். மோர்க்குழம்பில் ருசி உண்டு, ஆனால் கொதித்தபின் அந்தப் பாக்டீரியாக்கள் இல்லை. காலையில் பழஞ்சோற்றில் பிசைந்த தயிரில் அவை இருக்கின்றன. வீட்டில் ஒரு போத்தல் பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி நல்ல தயிரை இட்டு அசைக்காமல் வைத்தால் போதும். விலையுயர்ந்த மாத்திரைகளைத் தேடுமுன் எவரும் இதைச் செய்துபார்க்கலாம்.

ஆனால் அந்த ஒரு போத்தல் பாலுக்கு எருமை மேயவேண்டும். எருமைக்குத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலில் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்தே உடலைக் குளிர்விக்கும். புல்லும் நீரும் சேர்ந்த பரந்த தரை அதற்கு வேண்டும். அறுவடைக்குப் பிறகு வயல்களில் மேயலாம். பெரும்போக விதைப்புத் தொடங்கும் ஒக்டோபரில் மாடுகளும் எருமைகளும் வயலை விட்டு வெளியேறியே ஆகவேண்டும். அப்போது இப்பகுதிப் பண்ணையாளர்கள் தலைமுறைகளாக ஓட்டிச் செல்லும் இடம், பொலன்னறுவை எல்லையை ஒட்டிய மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை. மகாவலி அபிவிருத்தி அதிகாரசபையின் ஆளுகைக்குள் வரும் அந்தத் தரையில், வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்யத் தொடங்கினார்கள். கால்நடைகள் கொல்லப்படுவதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டுத் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

பட்டிக்காரரிடம் இதைக் கேட்டேன். “வயல் விதைச்சா மாடு வயலுக்க நிக்கேலாது. அங்கயும் விடமாட்டாங்க எண்டா எங்க கொண்டுபோய்க் கட்டுற? கட்டி வைச்சு வளர்க்கிற சாதி இல்ல இது,” என்றார். மேய்ச்சல் சுருங்கினால் முதலில் பால் வற்றும்; அடுத்துக் கன்றுக்கு விடும் பங்கு குறையும்; கடைசியில் பட்டியையே விற்பார்கள். அக்காவின் கிடாரத்துக்குப் பால் வராத நாளில், கடையில் பால்மாவைக் கரைத்து உறையவைத்ததை நாம் தயிர் என்று வாங்கிக்கொண்டிருப்போம்.

குடல் நலம் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் பாக்டீரியாவின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாக்டீரியா வாழப் பால் வேண்டும், பாலுக்கு எருமை வேண்டும், எருமைக்குத் தரை வேண்டும். மட்டக்களப்பின் மேய்ச்சல் தரைகளை எல்லையிட்டு, சட்டப்படி பண்ணையாளருக்கு உறுதிசெய்து கொடுப்பது ஒரு மாவட்டத்து மாட்டுக்காரர்களின் கோரிக்கை மட்டும் அன்று. அந்தத் தயிரை ருசித்து உண்ணும் ஒவ்வொருவரும் அவர்களோடு சேர்ந்து கேட்கவேண்டிய கோரிக்கை அது.