தொடைத் தாளம்

நாவற்குடாவிற் பிறந்தோர்க்கு வேட்டை என்றதும் வலையும் தோணியும் வாவியுமே நினைவில் எழும். எழுவான்கரை மணலிலே காட்டு வேட்டைக்கு இடமேது? ஆயினும் என் அம்மப்பா இளமையில் வேட்டைக்காரராக இருந்தவர். வாவியைக் கடந்து படுவான்கரை சென்று, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், தாந்தாமலையை அண்டிய காடுகளிலே காட்டுக்கோழி சுட்டவர். அவரிடம் துவக்கு இருந்தது உண்மையே. ஆனால், கோழியைத் துவக்கின் எல்லைக்குள் அழைத்து வந்தது அவருடைய தொடை.

இதனைக் கேட்டு நகைப்போர் இருக்கலாம். நானும் ஒருகால் நகைத்தவனே. காட்டுச் சேவல் தன் இடத்தைத் தானே ஆள முனையும் பறவை. விடியலிலே சிறகுகளைப் படபடவென அடித்துக் கூவித் தன் உரிமையை அறிவிக்கும். உள்ளங்கையைச் சற்றே குழித்துத் தொடையில் விரைந்து தட்டினால் எழும் ஓசை அச்சிறகோசையை ஒத்திருக்கும். தன் எல்லைக்குள் வேறொரு சேவல் புகுந்துவிட்டதென எண்ணி அது சினந்து வரும்.

அம்மப்பாவிடம் மூவகை அழைப்புகள் இருந்தன. காற்றில்லாத விடியலுக்குத் தொடைத் தட்டு. காற்று வீசும் பொழுதுக்குச் சாரத்தின் தலைப்பை மடித்து உதறும் ஓசை. பறவை அண்மித்துத் தயங்கி நிற்கும்போது, சருகை விரல்களாற் கிளறும் மெல்லொலி. இவற்றுள் எதனை எப்போது எடுப்பது என்பதிலேயே வேட்டைக்காரனின் திறமை தங்கியிருந்தது.

அமெரிக்காவிற் காட்டு வான்கோழி வேட்டையாடுவோரும் இவ்வாறே தெரிவு செய்கின்றனர். மூடியை விளிம்பில் உரசும் மரப்பெட்டி தொலைவுக்குக் கேட்கும். குச்சியால் உரசும் கற்பலகை மென்மையாய் ஒலிக்கும். வாயினுள் அடக்கும் சவ்வு கைகளுக்கு ஓய்வு தரும், ஆனால் பழகுவது கடினம். வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி அதனாலேயே அதனை அழைக்கும் வழக்கம் அந்நாட்டுப் பழங்குடியினரிடம் தொன்றுதொட்டு இருந்தது. வசந்த காலத்தில் அவர்கள் பேட்டின் குரலைக் காட்டிச் சேவலை வருவிக்கின்றனர். அங்கே காதலைக் காட்டி அழைக்கின்றனர். இங்கே பகையைக் காட்டி அழைத்தோம். பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தை வலைப்படுத்தும் முறை நம் முன்னோரிடமும் இருந்தது. அவ்விலங்கைப் 'பார்வை' எனச் சங்கநூல்கள் குறிக்கின்றன. வழி எதுவாயினும், ஓர் உயிரை நன்கு அறிந்தவனே அதனை ஏமாற்ற வல்லவன் என்ற உண்மை என்னை உறுத்துகின்றது.

1983இன் பின்னர் போர் மூண்டது. காடு மனிதர் அஞ்சும் இடமாயிற்று. அம்மப்பாவின் துவக்கும் கைவிட்டுப் போயிற்று. 2009இல் போர் ஓய்ந்தபின்னரும் அவர் காட்டுக்குத் திரும்பவில்லை. இலங்கைக்கே உரிய அக்காட்டுக்கோழி நம் தேசியப் பறவை. இன்று அதனை வேட்டையாடுதல் சட்டத்திற்கு மாறானது.

சென்ற விடுமுறையில் ஒருநாள் விடியுமுன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவர் காலத்தில் 'பாதை' எனப்பட்ட மிதவையில் ஏறிக் கடந்த நீரை, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே சில நிமிடங்களிற் கடந்தோம். யானைக்கு அஞ்சிக் காட்டுக்குள் நுழையாது, வயலோரத்திலேயே அமர்ந்தோம். நான் ஆவலோடு தொடையில் தட்டினேன். மீண்டும் மீண்டும் தட்டினேன். காடு வாய்திறக்கவில்லை.

"நீ பேசிக்கிட்டே இரிக்காய் மனே. அது பதில் சொல்ல இடம் குடுக்கல்லயே," என்றார் அவர்.

பின்னர் அவர் ஒருமுறை தட்டினார். எண்பதைக் கடந்த கை. தாளம் சற்றே தளர்ந்திருந்தது. நெடுநேரம் காத்திருந்தார். மறுமுறை தட்டினார். மீண்டும் காத்திருந்தார். எதிரே புதர் அசைந்தது. செங்கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு ஒளிர, இருபது அடி தொலைவிற் சேவல் வந்து நின்றது. பகைவனைத் தேடி இருபுறமும் நோக்கியது. எவரையும் காணாது ஒருமுறை கூவிவிட்டு, வெற்றி தனதே என்ற மிடுக்கோடு காட்டுக்குள் மீண்டது.

திரும்பும் வழியில் அம்மப்பா பாலம் வரும்வரை பேசவில்லை. பாலத்திலே மெல்லச் சொன்னார்: "முந்தியெல்லாம் அது வந்து நிண்டாப் பிறகு ஒரு வெடிச்சத்தம் இரிக்கும். அது திரும்பிப் போறத இண்டைக்குத்தான் மனே பாத்தன்."

அக்கூற்றில் இருந்தது மகிழ்ச்சியா, வருத்தமா என்பதை நான் இன்றுவரை அறியேன். கேட்கவும் துணியவில்லை. கொல்லுதற்கென வளர்ந்த ஒரு கலையைக் கொலை நீக்கிக் காக்க இயலுமா என்ற வினா மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இயலும் என்றே நம்ப விரும்புகிறேன். பல்கலைக்கழக விடுதி அறையில், நண்பர் நகைப்பையும் பொருட்படுத்தாது, தொடையில் தட்டிப் பழகி வருகிறேன். தட்டுதல் ஓரளவு கைவந்துவிட்டது. காத்திருத்தல் இன்னும் கைவரவில்லை.