ரேந்தைக் குச்சிக்கு ஏற்ற மரம்

எங்கள் கான்வென்ட் சிஸ்டர் ஒருவரிடம் வைக்கோல் திணித்த உருளைத் தலையணை ஒன்று உண்டு. அதன்மேல் குண்டூசிகள் குத்தியிருக்கும். ஊசிகளிலிருந்து, நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவற்றை மாற்றியும் முறுக்கியும் போட்டு அவர் ரேந்தை பின்னுவார். திருப்பூரில் பிறந்த எனக்குப் பின்னல் என்றால், வட்ட இயந்திரம் ஓடிப் பனியன் துணியை இறக்குவதுதான். ஒரு மணி நேரத்தில் ஒரு விரற்கடை வளரும் பின்னலை அவரிடம்தான் கண்டேன்.

சிஸ்டருக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டம். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அப்பகுதிப் பெண்களுக்கு இக்கலையைக் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் அதைப் பரப்பினார். கத்தோலிக்கரில், 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தரின் சகோதரிகள் ரேந்தை வேலையை வளர்த்தனர்.

சிஸ்டரின் 48 குச்சிகளில் 12 உளுத்துப் போயிருந்தன. பீடத் துணியின் ஓரம் பாதியில் நின்றது. "அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், சிஸ்டர். கடைந்து தருவார்" என்று யோசியாமல் சொல்லிவிட்டேன்.

"இதென்ன கண்ணு பெரிய வேலை?" என்று அப்பா பித்தளையிலேயே ஒன்று கடைந்து தந்தார். தங்கம் போல் மின்னியது. தலையணையில் தொங்கவிட்டதும் நூல் அறுந்தது! நூலை இழுத்துப் பிடிப்பது குச்சியின் எடைதான். நூல் மெலிதானால் குச்சியும் இலேசாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே எடையாகவும் இருக்க வேண்டும். பனியன் கம்பெனியில் நூலின் கவுன்ட் பார்க்கும் தராசில் சிஸ்டரின் பழைய குச்சியை நிறுத்தோம். 5 கிராம். அலுமினியம் அதற்கு மூன்று மடங்கு. போதாததற்கு வெள்ளை நூலில் சாம்பல் நிறக் கறை. நைலான் கம்பி எடைக்குச் சரி. ஆனால் வழவழப்பில் நூலின் சுருக்கு நழுவியது.

மரமே கதி என்றான பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. விசைத்தறிக் கூடங்களில் கழித்துப் போட்ட பழைய தார்க்கட்டைகள் கிடைக்குமே! மஞ்சள் கடம்பு போன்ற நெருங்கிய இழை மரத்தில் செய்தவை, ஆண்டுக்கணக்கில் காய்ந்தவை. பல்லடத்திலிருந்து சித்தப்பா ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். அப்பா ஒன்றை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். அடிப்பக்கத் துளை வழியே உள்ளே இருட்டுத் தெரிந்தது. கதிரில் மாட்டுவதற்காக நடுவில் குடைந்திருக்கிறார்கள். அதைப் பென்சில் கனத்துக்குக் கடைந்தால் என்ன மிஞ்சும்? என் அவசர புத்தியை நினைத்து இன்றும் தங்கை சிரிக்கிறாள்.

தேக்கில் நுண்துளைகள் அதிகம், நூல் சிக்கியது. வேம்பின் இழை நேராக ஓடவில்லை. கழுத்தை மெல்லியதாக்கும்போதே ஒடிந்தது. கருவேலம் கனத்தது.

கடைசியில் எங்கள் தெருத் தச்சர் தாத்தாதான் வழி சொன்னார். "பம்பரம் எதுல கடையறாங்க, அம்மிணி? கொய்யாவுல!" எங்கள் கொல்லையில் மழைக்கு முறிந்த கொய்யாக்கிளை கிடந்தது. அதை ரம்பத்தால் அறுக்காமல், இழையோடு பிளக்கச் சொன்னார். அப்போதுதான் இழை குச்சியின் நீளத்துக்கு ஓடும், கழுத்து ஒடியாது. பச்சை மரம் வெடிக்காதிருக்க இரு முனைகளிலும் மெழுகு தடவினோம். சிற்றாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சிஸ்டரே கொடுத்தார். ஐந்து மாதம் பரண் நிழலில் காய்ந்தது. நான் தினமும் ஏறிப் பார்த்தேன். பார்ப்பதால் மரம் விரைவில் காயாது என்று அம்மா கடிந்துகொண்டார்.

டிசம்பர் முதல் வாரம் அப்பா கடைந்தார். உப்புத்தாள் தேய்த்தது நான். சாயம், வார்னிஷ் எதுவும் பூசவில்லை, நூலில் ஒட்டும். பன்னிரண்டில் இரண்டு கழுத்தில் முறிந்தன. பத்தும் அரை கிராம் வித்தியாசத்துக்குள் நின்றன.

சிஸ்டர் ஒவ்வொன்றையும் கன்னத்தில் உருட்டிப் பார்த்தார். விரலுக்குத் தெரியாத சிராய் கன்னத்துக்குத் தெரியுமாம். மூன்றைத் திருப்பித் தந்து, "இன்னும் கொஞ்சம் தேய்க்கணும், மக்ளே" என்றார்.

கிறிஸ்துமஸ் இரவில் அந்தத் துணி பீடத்தில் விரிந்திருந்தது. இப்போது தலையணையில் 46 குச்சிகள் தொங்குகின்றன. மீதி இரண்டுக்கான கொய்யாத் துண்டு பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது.