ஊன்றிய கால்

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதற்குத் தத்துவப் பொருள் கூறுவோர் உண்டு. கருங்கல்லில் வடித்த நாயைச் சிற்பமாகக் காண்பவனுக்குக் கல் மறைகிறது. கல்லாகக் காண்பவனுக்கு நாய் மறைகிறது என்பர். தெருவில் நடப்போர் கொள்ளும் பொருளோ வேறு. கல் எறிவதற்கு உரியது. நாய் எறிபடுவதற்கு உரியது. இரண்டும் ஒருசேரக் கிடைக்கவில்லையே என்னும் குறையே அவர்கள் கண்ட பொருள்.

தமிழ் இலக்கியம் நாயிடம் இத்துணைக் கடுமை காட்டவில்லை. பழகிய பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் மெய்யில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும் நாயையும் ஒப்பிட்டு, நாய் அனையாரின் நட்பையே கொள்ளல் வேண்டும் என்று நாலடியார் அறிவுறுத்துகிறது. மகாபாரதத்தில் தருமரின் இறுதிப் பயணத்தில் உடன் நடந்ததும் ஒரு நாயே. நூலில் நாய்க்குக் கிடைத்த இடம் வீதியில் கிடைத்ததில்லை என்பதுதான் வருந்தத்தக்க உண்மை.

அவ்வீதியில் கிடந்த ஒரு நாயைப் பற்றியது இக்கட்டுரை. கெடா மாநிலத்தின் தென்பகுதியில், முன்னாளில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட ஓரிடத்தில், 2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது அந்நாய் லாரியில் அடிபட்டது. கறுப்பு நிறம், ஈராண்டு அகவை இருக்கலாம். உரியவர் என்று எவரும் இல்லை. பின்னங்கால் ஒன்று துணிபோல் தொங்க, அது தன்னை இழுத்துக்கொண்டுபோய் வடிகாலின் ஓரத்தில் ஒடுங்கியது.

அவ்வழியே வந்த தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைக் கண்டான். ஓடிச் சென்று தூக்க முனைந்தவனை, அருகில் காய்கறிக் கடை வைத்திருந்த சீன முதியவர் தடுத்தார். வலியில் துடிக்கும் நாய் தன்னைக் காக்க வருபவரையும் கடித்துவிடும் என்பது அவர் பட்டறிவு. அவர் ஒரு துணிப்பட்டையை நாயின் வாயைச் சுற்றி மெல்லக் கட்டினார். உடைந்த காலை எவரும் தொடாதவாறு ஒரு பலகையின்மேல் அதன் உடலை நகர்த்தினார். நாய் அப்பலகையிலேயே சிறுவனின் வீட்டு வாசலை அடைந்தது.

வாசலில் எதிர்ப்பு எழுந்தது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டிய செய்தி அப்பகுதி மக்கள் நினைவிலிருந்து நீங்கியிருக்கவில்லை. "தெருநாயை வீட்டுக்குள் ஏற்றுவதா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டதில் வெறுப்பைவிட அச்சமே மிகுதி. அவ்வச்சம் பொருளற்றதும் அன்று. சிறுவனின் தாய் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முடிவு பாட்டியிடம் வந்து சேர்ந்தது. பாட்டி நாயைப் பார்க்கவில்லை. தொங்கிய காலைத்தான் பார்த்தார். "முதலில் மருத்துவரிடம் காட்டுவோம்" என்றார்.

கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. அவர் மூன்று வழிகளைச் சொன்னார். எஃகுத் தகடு வைத்துத் திருகாணிகளால் எலும்பை இணைப்பது ஒன்று. காலையே அகற்றிவிடுவது மற்றொன்று. மூன்று காலில் நாய்கள் நன்றாகவே வாழும் என்றும் கூறினார். வலியின்றி உயிரை முடித்துவிடுவது இறுதி வழி. முதல் வழிக்கு 2,500 வெள்ளி ஆகும். பாதியை முன்னதாகவும், மீதியைத் தவணையாகவும் செலுத்தலாம் என அவர் இசைந்தார். கணக்கு அத்தோடு முடியவில்லை. அறுவை தம் வேலை, ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ முடிந்துவிடும். அதன் பின்னர் எட்டு வாரம் வீட்டாரின் வேலை என்றார் மருத்துவர்.

பாட்டி ஒன்றையே கேட்டார். "எட்டு வாரம் ஒழுங்காகப் படுக்க வைத்தால் நேராக நடக்குமா?" நடக்க வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர் சொன்னதும் அவர் தம் சேமிப்பிலிருந்து முன்பணத்தைக் கட்டினார். பணத்தை எண்ணியே செலவிடும் அம்மூதாட்டி அவ்வளவு விரைவில் இசைந்தது ஏன் என்பது அன்று வீட்டார்க்கு விளங்கவில்லை.

எலும்பை ஒட்டுபவர் மருத்துவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் மருத்துவர் அதை அசையாமல் நிறுத்துகிறார், ஒட்டுவது உடல். முறிந்த முனைகளுக்கிடையே புதிய எலும்பு வளரும் வரையில் தகடும் திருகாணியும் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. அவை என்றென்றும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எலும்பு சேருமுன் நாய் ஓடினாலோ தாவினாலோ தகடு வளையும், திருகாணி நெகிழும். ஆகவே அறுவைக்குப் பிந்தைய பேணுதல் என்பது எலும்பின் வளர்ச்சிக்கும் உலோகத்தின் களைப்புக்கும் இடையே நடக்கும் ஓட்டப் போட்டி எனலாம். எலும்பு வெல்லும்படி பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை.

மருத்துவர் இரவல் கொடுத்த கம்பிக் கூண்டு கூடத்தின் மூலையில், தையல் இயந்திரத்தின் அருகே இடம்பெற்றது. நாய் எழுந்து நிற்கவும் திரும்பவும் போதுமான இடம், தாவுவதற்கு இடமில்லை. வழுக்கும் தரை ஓடுகளின்மேல் கூண்டிலிருந்து வாசல்வரை சாக்குகள் விரிக்கப்பட்டன. தையலை நக்காதிருக்க அதன் கழுத்தில் புனல் வடிவில் ஒரு பட்டை மாட்டப்பட்டது. சிறுநீர் கழிக்க வெளியே கொண்டுசெல்லும்போதெல்லாம் ஒரு துண்டை வயிற்றின் அடியில் கொடுத்துப் பின்னுடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் சில நாள்கள் வீக்கம் வடியத் துணியில் பொதிந்த பனிக்கட்டி ஒற்றடம். இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கப்பட்டது. அதன் பின்னர், மருத்துவர் காட்டியபடி, நாய் படுத்திருக்கையில் அதன் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்கியது.

ஓர் இரவு நாய் ஓயாமல் மூச்சிரைத்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மனமிரங்கித் தாம் தலைவலிக்கு உண்ணும் மாத்திரையைக் கொண்டுவந்தார். எதிர்த்தவரே மருந்தோடு வந்தது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆயினும் பாட்டி அதை வாங்கவில்லை. மாந்தர்க்கு வலி போக்கும் பாராசித்தமோல் நாயின் கல்லீரலைக் கெடுக்கக் கூடும். ஐபுபுரோபன் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். நாய்க்குரிய மருந்தை மருத்துவர் அளந்து கொடுத்தால் மட்டுமே தர வேண்டும் என்று சிறுவன் தன் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்துக் காட்டினான்.

அக்குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் சொன்னவற்றை மறவாதிருக்கவே அவன் அதைத் தொடங்கினான். நாள், மருந்து கொடுத்த நேரம், உண்ட அளவு, காலின் நிலை எனக் கட்டங்கள் போட்டிருந்தான். விலங்குகள் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை, மறைக்கவே முயல்கின்றன. உணவு குறைதல், உறங்காமை, மூச்சிரைப்பு, ஒரே இடத்தை நக்குதல் ஆகியவையே அவற்றின் மொழி. அம்மொழியைக் கற்க அவனுக்கு அக்குறிப்பேடு உதவிற்று. பத்தாம் நாளில் "இன்று விரல் தரையைத் தொட்டது" என்று எழுதினான். பதினெட்டாம் நாளில் "மூன்று எட்டு ஊன்றி நடந்தது" என்று எழுதி அதன்கீழ் இரண்டு கோடுகள் இட்டான். கட்டுரைப் பாடத்தில் அரைப்பக்கம் எழுதச் சோம்பும் மாணவன் அவன் என்பதை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும்.

ஐந்தாம் வாரத்தில் இடர் நேர்ந்தது. அதற்குள் நாய்க்கு உடல் தேறிவிட்டது. கூண்டின் கம்பிகளை முகர்ந்தபடி அது முனகும் ஒலி வீடெங்கும் கேட்டது. சிறுவனால் பொறுக்க இயலவில்லை. பாட்டி கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில் கூண்டைத் திறந்துவிட்டான். நாய் ஒரு நொடி நின்றது. பின்னர் வாசல் வழியே பாய்ந்து, படிகளைத் தாண்டி, தெருமுனைவரை ஓடியது. திரும்பி வரும்போது மூன்று காலில் வந்தது.

மறுநாள் எடுத்த படத்தில் தகடு நின்ற இடத்திலேயே நின்றது; ஆனால் ஒரு திருகாணி சற்றே நெகிழ்ந்திருந்தது. மறு அறுவை தேவையில்லை என்றும், ஓய்வை மேலும் இரண்டு வாரம் நீட்டிக்க வேண்டும் என்றும் மருத்துவர் தீர்ப்பளித்தார். சிறுவன் அழுதான். "அது அழுததே பாட்டி, பாவமாக இருந்தது" என்றான்.

பாட்டி அவனைக் கடியவில்லை. தம் சேலையின் கரையைச் சற்று உயர்த்தி, வளைந்து ஒட்டியிருந்த தம் இடக்காலைக் காட்டினார். 1974ஆம் ஆண்டில், விடியுமுன் பால்வெட்டும் நேரத்தில், மழையில் ஊறிய சரிவில் வாளியோடு விழுந்து முறிந்த கால் அது. நாட்டு வைத்தியர் மூங்கிற் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் ஊன்றக் கூடாது என்றே அவரும் சொன்னார். ஆனால் வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். நான்காம் வாரத்தில் அவர் மீண்டும் நிரைக்குச் சென்றார். எலும்பு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது.

"பாவம் என்று சொல்ல எனக்கும் ஆள் இருந்தது, தம்பி. லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நீ படுத்திரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் அதே அடுப்புத்தான்."

அவ்வளவே அவர் சொன்னார். 2,500 வெள்ளிக்கு அவர் இசைந்த காரணம் அன்றுதான் வீட்டார்க்கு விளங்கியது. அன்றிரவு முதல் கூண்டின் பூட்டைச் சிறுவனே சரிபார்த்தான். நாய் முனகும்போது அவன் கூண்டைத் திறக்கவில்லை. அதன் அருகில் அமர்ந்து தன் வீட்டுப்பாடத்தைப் படித்தான். சிறிது நேரத்தில் முனகல் அடங்கும்.

இரக்கமும் பேணுதலும் ஒன்றல்ல என்பதை அவ்வீட்டார் கற்றனர். இரக்கம் ஒரு நொடியில் பிறக்கிறது. அழுகுரல் கேட்டால் கதவைத் திறந்துவிடுகிறது. பேணுதலோ நாள்தோறும் புதிதாகப் பிறக்க வேண்டியது. சில வேளைகளில் அழுகுரல் கேட்டும் கதவை மூடி வைத்து, மூடிய கதவின் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டியது. ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பின்தங்கிய மாணவனுக்காக இரங்கி அவன் கணக்கைத் தாமே போட்டுக் கொடுப்பவரும் உளர். அவன் போட்டு முடிக்கும்வரை அருகில் நிற்பவரும் உளர்.

ஆயினும் ஓய்வு ஒன்றே மருந்தாகிவிடாது. எலும்பு அசையாமையால் சேர்கிறது. தசையோ அசையாமையால் மெலிகிறது. ஏழாம் வாரத்தில் அந்நாயின் வலத்தொடை இடத்தொடையினும் வெளிப்படையாகச் சிறுத்திருந்தது. ஆகவே மருத்துவர் இசைவுடன், கழுத்துக் கயிற்றைக் குறுகப் பிடித்து, நாளுக்கு ஐந்து நிமிட நடை தொடங்கியது. வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டப்பட்டன. மெதுவாக நடத்தினால்தான் நாய் நோயுற்ற காலை ஊன்றும். விரைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தாவும். மெதுவாக நடக்க அவ்வீட்டில் பாட்டியை விஞ்சியவர் இல்லை. எனவே அப்பொறுப்பு அவருடையதாயிற்று. மாலைதோறும் இருவரும் தெருவில் நடப்பதைப் பார்த்து முதலில் நகைத்தவர்கள் உண்டு. பின்னர் அந்நேரத்தில் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தவர்களும் அவர்களே.

பத்து வாரம் நிறைந்தபோது எடுத்த படத்தில் முறிவின் கோடு மறைந்திருந்தது. கூண்டு மருத்துவரிடம் திரும்பியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முடிந்தன. இனி நாயை என்ன செய்வது என்னும் கேள்வி எஞ்சியது. குணமானதும் அதைத் தெருவிலேயே விட்டுவிட வேண்டும் என்று தொடக்கத்தில் நிபந்தனை விதித்தவர் பாட்டி. சிறுவன் அதை நினைவூட்டத் துணியவில்லை. ஒரு நாள் பாட்டியே நகராண்மைக் கழகத்துக்குச் சென்று உரிமக் கட்டணம் செலுத்தி, அங்குக் கொடுத்த வில்லையை நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டினார். நிபந்தனையைப் பற்றி எவரும் பேசவில்லை.

மழை பெய்யும் நாள்களில் அந்நாய் இன்றும் சற்றே நொண்டும். பாட்டிக்கும் அந்நாள்களில் கால் வலிக்கும். சிறுவனின் குறிப்பேட்டில் இறுதிப் பக்கத்தில் "இன்று எழுத ஒன்றும் இல்லை. நான்கு காலும் ஊன்றியது" என்ற வரி இருக்கிறது. விழுந்த உயிரைத் தூக்குவது அறத்தின் தொடக்கம். அது தானே ஊன்றி நிற்கும் நாள்வரை உடனிருப்பதே அறத்தின் நிறைவு.