எதிர்க்கடைப் புளி

எங்கள் தெருவில் வெகுநாள் மளிகைக்கடை ஒன்றுதான். அப்பாவுக்கு அங்கே மாதக் கணக்கு. எதிரில் இன்னொரு கடை வந்தபோதும் கணக்கை அவர் மாற்றவில்லை. ஆனால் புளியும் மிளகாயும் மட்டும் எதிர்க்கடையில் வாங்கச் சொல்வார். அங்கே விலை கொஞ்சம் கூட என்று அம்மா முணுமுணுப்பார். "அவன் கடையைச் சாத்திட்டுப் போயிட்டா, இவன் நமக்குப் புழுத்த பருப்பைத்தான் போடுவான்" என்பார் அப்பா.

அது எனக்கு விளங்க, கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது.

ஐம்பது வயதில் ஆபீஸில் என் மேஜைமேல் ஒன்றை வைத்தார்கள். திரையில் இருந்த நீல 'ஈ'யை அழுத்தினால் இன்டர்நெட் வரும் என்றார்கள். அதுதான் இன்டர்நெட் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அது எக்ஸ்புளோரர் என்ற பிரவுசர், வேறு பிரவுசர்களும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த 'ஈ'க்கு ஒரு கதை உண்டு. 1997-ல் எக்ஸ்புளோரரின் 4-ம் பதிப்பு வெளியான இரவு, மைக்ரோசாஃப்ட்காரர்கள் ஒரு பிரம்மாண்டமான 'ஈ'யைத் தூக்கிக்கொண்டுபோய், கலிஃபோர்னியாவில் போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப் ஆபீஸின் புல்வெளியில் வைத்துவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் விடுவார்களா? அதைச் சாய்த்துப் போட்டு, மேலே தங்கள் சின்னமான மொசில்லா டைனோசரை ஏற்றி, ஓர் அட்டையும் வைத்தார்கள்: நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18. சந்தையில் அன்றைக்கு இருவருக்கும் இருந்த பங்கு சதவீதம் அது. ஹாஸ்டல் பையன்கள் வேலைதான், போங்கள்! ஆனால் எக்ஸ்புளோரர் காசில்லாமல், விண்டோஸோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிட்டது. மறுவருடம் நெட்ஸ்கேப்பை ஏ.ஓ.எல். என்ற கம்பெனி வாங்குவதாக அறிவித்தது. போட்டியை நசுக்குவதாக அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் போட்ட வழக்கில், கம்பெனியை இரண்டாகப் பிரிக்க 2000-ல் உத்தரவு வந்து, 2001-ல் மேல்முறையீட்டில் அடிபட்டுப்போனது.

வழக்கு கிடக்கட்டும். 2001-ல் எக்ஸ்புளோரர் 6 வந்தது. எதிரில் சொல்லிக்கொள்ளும்படி கடையே இல்லை. அடுத்த பதிப்பு வந்தது 2006-ல். ஐந்து வருடம் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்கள்! அதற்குள் 2004 நவம்பரில், நெட்ஸ்கேப் கைவிட்டுப்போன விதையிலிருந்து முளைத்த ஃபயர்ஃபாக்ஸ் எதிரில் கடை விரித்தது. ஒரே ஜன்னலில் பல டேப், தொல்லை விளம்பரங்களுக்குத் தடுப்பு எல்லாம் அதில் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் பழைய கடைக்காரர் எழுந்து வாசல் தெளித்தார்.

எனக்கு உறைத்தது ஐரோப்பாவில் நடந்ததுதான். 'உங்களுக்கு எந்தப் பிரவுசர் வேண்டும்?' என்று கேட்கும் ஒரு திரையை, 2010 முதல் அங்குள்ள அதிகாரிகள் விண்டோஸில் காட்ட வைத்தார்கள். 2011 மே முதல் 2012 ஜூலை வரை, சுமார் 1.5 கோடி பேருக்கு அந்தத் திரை வரவே இல்லை. மைக்ரோசாஃப்ட் அதைத் தொழில்நுட்பத் தவறு என்றது, 2013-ல் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 'என்னை ஏன் கேட்கவில்லை?' என்று அந்த 1.5 கோடியில் எத்தனை பேர் தேடியிருப்பார்கள்? நானாக இருந்தால் தேடியிருக்க மாட்டேன். கையில் கொடுத்ததை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டும் ஜாதி நான். வேலை, வீடு, டாக்டர், எல்லாமே அப்படித்தான் அமைந்தது.

இன்றைக்குப் பெரிய கடை குரோம். எட்ஜ், ஓபரா, பிரேவ் என்று பெயர்ப்பலகைகள் நிறைய. அடியில் குரோமியம் என்ற ஒரே மாவு. இட்லி, தோசை, ஊத்தப்பம், அவ்வளவுதான் வித்தியாசம். பெயர் தெரிந்தவற்றில் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும்தான் வேறு உரலில் ஆட்டியவை.

"எல்லாம் குரோம்லயே ஓடுது தாத்தா, எதுக்கு மாத்தணும்?" என்கிறான் பேரன். மாற்ற வேண்டாம் கண்ணா. என் பென்ஷன் கணக்கையும் குரோமில்தான் பார்க்கிறேன். காலையில் பேப்பர் படிக்க மட்டும் ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கிறேன். நீயும் கிரிக்கெட் ஸ்கோரையாவது அதில் பாரேன்.