கோளாறு ஸ்டீரிங்கில் இல்லை

மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தைக்கு மாடு ஏற்றிவரும் வண்டிகளும், திருபுவனை ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களும்தான் அந்தப் பட்டறைக்குப் படியளக்கின்றன. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் கரும்பு லாரிகளால் ராத்தூக்கமே கிடையாது என்கிறார் மூத்த மெக்கானிக். விழுப்புரம்–புதுச்சேரி சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரையின் கீழ், அன்று நின்றிருந்தது அவர்களுக்கு வழக்கமில்லாத வண்டி. மினி பஸ் சேசிஸின் மேல் கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஏசி எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன்.

உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். "வேகம் அறுபதைத் தாண்டினா ஸ்டீரிங் கையில நிக்கல. பஸ் ஏதாவது ஒட்டிப் போனா வண்டி தானா அந்தப் பக்கம் இழுக்குது" என்றார். ஸ்டீரிங் பாக்ஸையே மாற்றிவிடும் முடிவோடு வந்திருந்தார்.

மெக்கானிக் பாக்ஸைத் தொடவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, பின்பக்கம் நின்று பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "தம்பி, இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டு" என்றார். உதவியாளர் ஸ்டீரிங்கை ஆட்ட, இவர் ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். டை ராட் எண்ட் ஒன்றில் ஆட்டம் தெரிந்தது. அடுத்து முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தார். "பிரேக்கை மிதி" என்றார். மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. நின்றிருந்தால் வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். நிற்காததால் கிங் பின். பத்து பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பெரிய பாகங்களைக் கழற்றும் இடங்கள் எத்தனையோ.

கிங் பின்னும் புஷ்ஷும் புதிதாகப் போட்டு, ரீமர் விட்டு அளவு சேர்க்க வேண்டும். இறுக்கமாகிவிட்டால் ஸ்டீரிங் திருப்பிய பிறகு தானாகத் திரும்பாது. தளர்ந்தால் பழைய ஆட்டமேதான். அந்தப் புஷ்ஷை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்த நேரம், நான் அங்கே டீ குடித்த நேரத்தைவிட அதிகம். டை ராட் எண்ட் கடையில் வாங்கியதுதான். ஸ்டீரிங் பாகங்கள் செய்யும் ரானே மெட்ராஸுக்குப் புதுச்சேரியிலேயே ஆலை இருக்கிறது. செய்கிற கைக்கும் மாட்டுகிற கைக்கும் கூலியில் உள்ள தூரம்தான் அதிகம்.

ஆனால் இதெல்லாம் பாதி நோய்தான் என்றார் அவர். மீதி நோய் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், சாமான் பெட்டி எல்லாவற்றையும் பின் அச்சுக்கு அப்பால் வைத்திருந்தார்கள். கிணற்று ஏற்றத்தின் கணக்குதான் இது. சக்கர இடைவெளி மூன்றரை மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 லிட்டர் தண்ணீர், அதாவது 100 கிலோ. பின் அச்சின் மேல் ஏறுவது 134 கிலோ. முன் அச்சிலிருந்து 34 கிலோ குறையும். முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் எந்த ஸ்டீரிங் பாக்ஸும் என்ன செய்யும்? பின் தொங்கல் சக்கர இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதற்குள் எவ்வளவு பாரம் வைப்பது என்பதோ கட்டுபவரின் புத்தியைப் பொறுத்தது.

தொட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவே கொண்டுவந்தார்கள். படுத்துவிட்ட பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, சூடு காட்டாமலே பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் வளைவு ஏற்றினார்கள். நெருப்பில் காட்டினால் எஃகின் பதம் போய்விடும். உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைக்கும் பட்டறைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "அது நடுரோட்டுல படுத்துக்கும் சார். உள்ள தூங்கறவங்க கதி?"

சம்மட்டி பிடிக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை. ஐடிஐ முடித்த பையன்கள் கம்பெனி சட்டைக்குப் போய்விடுகிறார்கள். அதில் தப்பும் இல்லை. வேலையும் நிழலும் நிச்சயம்.

கடைசியாக முன் சக்கரங்களின் டோ அளவு. டயரைச் சுழலவிட்டு நடுவில் கோடு கிழித்து, முன்னும் பின்னும் கம்பி வைத்து அளந்தார். முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறுகியிருக்க வேண்டும். பாரத்துக்கு ஏற்ற காற்று வைத்ததும் உரிமையாளர் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். பழைய பாக்ஸே இருந்தது. வண்டி நேராகப் போனதாம். சமையல் மேடைக் கல்லுக்குக் கொடுத்ததைவிடக் கூலி குறைவு என்று அவரே சொன்னார்.

கேரவன் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்வேலை தொடங்குமுன் ஒரு முறையும், தண்ணீரும் சாமானும் நிரப்பிய பிறகு ஒரு முறையும் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே ஏற்றி எடை பாருங்கள். பட்டறைக்குப் போகும்போது அந்த இரண்டு சீட்டும் கையில் இருக்கட்டும்.